சலவைக்காரிக்கு வசனம் இல்லை

ஜனவரி 18, வியாழன்

மன்னித்துக்கொள் ஜெசி, ஊரே தூங்கின பிறகு உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். தம்பி இப்போதுதான் அடங்கினான். பல் முளைக்கிறது, என் தோளைத்தான் கடித்துப் பழகுகிறான். கையெழுத்து கோணலாக இருந்தால் அவனைத் திட்டு.

போனை எடுத்தாலே நான் அழுகிறேன், உனக்கு ஒன்றும் புரிவதில்லை. "ஹாஸ்டல்ல எழுதுவோமே, அந்த மாதிரி தினம் எழுதி வைடி, சேர்ந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு" என்றாய். இது அந்த நோட்டு. முதல் நாளே உன்னை ஏமாற்றப் போகிறேன். இன்று நல்ல செய்தி.

அல்லி படிக்கிற ஸ்கூலில் கரஸ்பாண்டன்ட் மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நாற்காலி காட்டி உட்காரச் சொன்னார். "வாங்க சுகந்தி, நீங்க எம்.ஏ. ஹிஸ்டரியாமே? எங்க சோஷியல் மிஸ் ஜூன்ல போறாங்க. அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க. ஆண்டு விழாவுக்கு நாலாங்கிளாஸ் பசங்களுக்கு எகிப்து பத்தி ஒரு நாடகம் எழுதிக் குடுங்க. பார்ப்போம்."

அந்தப் 'பார்ப்போம்' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் தில்லைநகரிலிருந்து உறையூர் வரைக்கும் நடந்தே வந்துவிட்டேன், ஜெசி. சான்றிதழை பீரோவில் வைத்துப் பூச்சி உருண்டை போட்டுக் காப்பாற்றியது வீண்போகவில்லை.

"ஹஸ்பண்ட் என்ன பண்றார்?" என்று கேட்டார். டெக்ஸ்டைல் லைன் என்றேன். துணி சம்பந்தப்பட்டதுதானே. பொய் இல்லை.

என் வீட்டுக்காரர் கடையை மூடிவிட்டு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷத்தில் தம்பியைத் தூக்கக் கையை நீட்டினார். "முதல்ல குளிங்க. ஊரார் வேர்வையெல்லாம் உங்க மேலதான் இருக்கு" என்றேன். தினம் சொல்வதுதான். குளிக்கப் போனார்.

ஜனவரி 20, சனி

பழைய நோட்ஸை எடுத்து வைத்துக்கொண்டேன். ரெண்டாம் செமஸ்டர், எகிப்து. ஓரத்தில் நீ வரைந்த முதலை இன்னும் இருக்கிறது.

எழுத்தர்கள் பற்றித்தான் நாடகம். வேறு எதை எழுதுவேன்? யோசித்துப் பார். நூறு பேரில் ஒருவனுக்கு எழுதத் தெரிந்தாலே பெரிய விஷயம். அந்த ஒருவன் மண் சுமக்க வேண்டாம், கால்வாய் வெட்ட வேண்டாம், வெயிலில் நிற்க வேண்டாம். அறுவடையை அவன் அளக்கிறான், வரியை அவன் எழுதுகிறான், அவன் எழுதினால்தான் நடந்தது. பெரிய பெரிய பிரபுக்கள்கூடத் தங்களுக்குச் சிலை செய்யும்போது மடியில் பாப்பிரஸ் தாள் சுருளோடு சம்மணம் போட்டு உட்கார்ந்த மாதிரி செய்துகொண்டார்களாம். அந்தச் சிலைகளுக்கு வயிற்றில் மடிப்பு இருக்கும். தொப்பை! உழைக்க வேண்டாத உடம்பு என்று ஊருக்குக் காட்டுவதற்கு.

எங்கள் அப்பா ஞாபகம் வந்தது. பத்திர ஆபீஸ் வாசலில் மேஜை போட்டுப் பத்திரம் எழுதுகிறவர். மாவட்ட கலெக்டர் மாதிரி நடப்பார். "கையில மை இருந்தா கௌரவம், கரி இருந்தா கேவலம்" என்பார். என் கல்யாணத்தன்று அவர் கதவைச் சாத்தியது உனக்குத் தெரியும். என் வீட்டுக்காரருடைய சாதி, தொழில் இரண்டையும் சொல்லிச் சாத்தினார். அதற்காக அப்பாவை நான் மன்னிக்கவே மாட்டேன்.

நாடகம் இப்படி: ஒரு எழுத்தர், புதிதாகச் சேர்ந்த மாணவர்களைத் தெரு வழியாகக் கூட்டிக்கொண்டு போகிறார். எதிரே வருகிற ஒவ்வொரு தொழிலாளியையும் காட்டிக் கிண்டல் செய்கிறார். "இப்படி ஆகணுமா, எழுதப் படிக்கணுமா?" என்று கேட்கிறார். மாணவர்கள் "எழுதணும் ஐயா!" என்று கத்துகிறார்கள். அந்தக் காலத்தில் நிஜமாகவே எழுதப் பழகுகிற பிள்ளைகளுக்கு மற்ற தொழில்களைக் கேலி செய்கிற பாடங்களைத்தான் கொடுத்துத் திரும்பத் திரும்ப எழுத வைத்தார்கள். அதில் சலவைக்காரன் வருவான், ஆற்றங்கரையில் முதலைக்குப் பக்கத்தில் நின்று துவைப்பான் என்று சார் சொன்னது நினைவிருக்கிறதா?

குயவன், உழவன் இரண்டும் சுமாராக வந்தது. சலவைக்காரன் மட்டும் அருவி மாதிரி கொட்டியது, எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை! "இவன் கையைப் பாருங்கள், வெந்த கிழங்கு! இவன் வீட்டுச் சோற்றிலும் கஞ்சி வாசனை, பேச்சிலும் கஞ்சி வாசனை! தள்ளி நில்லப்பா, உன் மேல் ஊரார் வேர்வை! முதலைகூட உன்னை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்!"

எழுதிவிட்டு நானே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

நாள் முழுக்கத் தம்பிக்கு வயிற்றுப்போக்கு. துவைத்துத் துவைத்துக் கை மரத்துவிட்டது. ஊர்த் துணியெல்லாம் மடிப்புக் கலையாமல் போகிறது, நம் வீட்டுத் துணிக்கு மட்டும் என்றைக்கும் இஸ்திரி இல்லை.

ஜனவரி 23, செவ்வாய்

கரஸ்பாண்டன்ட் மேடம் என் எதிரிலேயே படித்தார். சலவைக்காரன் வருகிற இடத்தில் சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "முதலை மோந்து பார்க்குதா! சுகந்தி, உங்களுக்குள்ள இப்படி ஒரு ஆளா? இதுதான் ஹைலைட்!" என்றார். இரண்டு வகுப்பு அறைகளைக் காட்டினார். ஜூனில் எதில் என் நாற்காலி இருக்கும் என்று நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர், "நாடகம் எழுதினவ என் பொண்டாட்டின்னு நாளைக்குக் கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்வேன்" என்றார். "ஐயோ, ஒண்ணும் சொல்ல வேண்டாம்" என்றேன். ஏன் என்று கேட்டார். கண் படும் என்றேன்.

ஜனவரி 25, வியாழன்

ஜெசி, பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறேன். கோபத்தில்.

அல்லி ஸ்கூல் பையைக் கழற்றாமலே குதித்துக்கொண்டு வந்தாள். "அம்மா, எனக்கும் ரோல் குடுத்துட்டாங்க!"

"என்ன ரோல்?"

"சலவைக்காரி! டயலாக்கே இல்ல, ஈசிம்மா. துணியை அடிச்சுத் துவைக்கணும், ரித்விக் திட்டுவான், நான் கும்பிட்டுட்டுப் போயிடணும்."

ரித்விக் ஆடிட்டர் வீட்டுப் பையன். அவன்தான் எழுத்தர்.

ஐம்பத்திரண்டு பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் இவள்தான் கிடைத்தாளா? எல்லாப் பாடத்திலும் முதல் மூன்றுக்குள் வருகிறவள். தமிழை அவள் உச்சரிக்கிற மாதிரி அந்த ஸ்கூலில் ஒரு மிஸ் உச்சரிக்கட்டும் பார்க்கலாம். அரசியாகப் போடட்டும், வேண்டாம், மாணவர்களில் ஒருத்தியாகவாவது போட்டிருக்கலாம். யார் வேலை இது? யார் போய் என்ன சொன்னார்கள்?

ஜனவரி 26, வெள்ளி

கொடியேற்றத்துக்கு நானும் போனேன். அல்லியின் கிளாஸ் மிஸ் வைஜயந்தியைப் பிடித்துக் கேட்டேன். மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தவர் எனக்கும் ஒன்று நீட்டினார்.

"அல்லிக்கு ஏன் மிஸ் அந்த ரோல்?"

"ஏன் மேடம், நல்லாத்தானே பண்றா? அப்பா அந்த லைன்தானே, குழந்தைக்கு நேச்சுரலா வருது."

மிட்டாய் என் கையிலேயே இருந்தது.

என் வீட்டுக்காரர் கடை இருக்கிற அப்பார்ட்மென்ட்டின் மாடியில்தான் வைஜயந்தி மிஸ் குடியிருக்கிறாராம். எனக்கு எப்படித் தெரியும்? கடைக்கு நான் போவதே இல்லை. கைக்குழந்தைக்குக் கரிப் புகை ஆகாது. மிஸ்ஸின் புடவைகளெல்லாம் அவரிடம்தான் வருகின்றனவாம். "எம் பொண்ணு அல்லி உங்க கிளாஸ்தான் டீச்சர்" என்று ஜூன் மாதமே சொல்லிவிட்டாராம். ஜூன்! அப்படியானால் இத்தனை மாதமாக இவர்கள் எல்லாருக்கும் தெரியும். நான் ஒவ்வொரு மீட்டிங்கிலும் நேரான முதுகோடு உட்கார்ந்து 'டெக்ஸ்டைல் லைன், டெக்ஸ்டைல் லைன்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவர் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "உங்களை யாரு அந்த மிஸ்கிட்டப் போய்ச் சொல்லச் சொன்னது?"

"எதை?"

"அல்லி உங்க பொண்ணுன்னு."

அவர் என்னையே பார்த்தார். "அல்லி எம் பொண்ணுதானே சுகந்தி?"

இவரிடம் எப்படிப் பேசுவது, சொல். ஒரு விஷயம் புரிந்தால்தானே. அந்த ஒன்றைச் சொன்னதால் குழந்தைக்கு எந்த ரோல் வந்திருக்கிறது பாருங்கள் என்றேன். "துணி துவைக்கிற ரோல்தானே? வரட்டுமே. அதுல என்ன? கடைசில பெரியாளா வருவாளா?" என்று கேட்டார். நாடகத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. சொல்ல நேரம் வாய்க்கவில்லை, தம்பி அழுதான்.

ஜனவரி 28, ஞாயிறு

இன்று கடை அரை நாள்தான். மத்தியானம் மாடியில் தொம் தொம் என்று சத்தம். போய்ப் பார்த்தால் அப்பாவும் பெண்ணும். துணி துவைக்கிற கல்லில் என்னுடைய பழைய போர்வை.

"முழங்கைலேர்ந்து இல்லடி, தோள்லேர்ந்து. மூச்சை விட்டுட்டு அடி. ஹூம்!"

"ஹூம்!"

"அப்படி! எங்க தாத்தா காவேரில நின்னு அடிச்சா சத்தம் மலைக்கோட்டைல போய் மோதித் திரும்பி வரும்."

"பொய்யி!"

"சரி, பாதிப் பொய்."

இரண்டு பேரும் தலை முதல் கால் வரை நனைந்திருந்தார்கள். அவர் என்னைப் பார்த்ததும், "வர்ற சனிக்கிழமை விழாவுக்குக் கடை லீவு. போர்டுகூட எழுதி மாட்டியாச்சு. முதல் வரிசைல சீட் கிடைக்குமா? நாடகம் எழுதினவங்க வீட்டுக்காரனுக்குக் குடுப்பாங்கள்ல?" என்றார்.

சளி பிடிக்கும், உள்ளே வாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஜனவரி 30, செவ்வாய்

ஒத்திகைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஹால் நிறையப் பிள்ளைகள், நான்கைந்து அம்மாக்கள்.

நான் 'சலவைக்காரன்' என்று எழுதிக் கொடுத்திருந்தேன், ஜெசி. நீ என் கையெழுத்துப் பிரதியைப் பார்க்கலாம். ரித்விக் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "பாருங்கள் மாணவர்களே, இதோ வருகிறாள் வண்ணாத்தி!" என்றான். யாரும் திருத்தவில்லை. ஒரு அம்மா கைதட்டினாள், "எவ்வளவு க்ளியரா சொல்றான்!" என்று.

என் காது எரிந்தது. இந்த வார்த்தையைச் சொல்லித்தானே அவரைப் பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். ஒன்பதாவதோடு அவர் நின்றதே அதனால்தானே. இத்தனை வருஷம் கழித்து அது வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, எகிப்து என்று பெயர் வைத்துக்கொண்டு மேடை ஏறுகிறது!

இன்னொன்று சொல்கிறேன். "முதலைகூட உன்னை மோந்து பார்த்துவிட்டு" என்று அவன் சொன்னதும் ஹாலே சிரித்தது. கும்பிட்டபடி நின்ற அல்லியும் சிரித்தாள். எல்லாரையும்விடச் சத்தமாக.



ஜனவரி 31, புதன்

எழுதாமல் இருக்கலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

அவர் சாயங்காலம் வந்தார். வழக்கம்போல வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தம்பியைப் பார்த்து நாக்கைச் சொடக்கினார். அல்லி ஹாலில் ஒத்திகையில் இருந்தாள். ரித்விக் பகுதியும் அவளுக்கு மனப்பாடம். அப்பாவைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து, கன்னத்தை உப்பிக்கொண்டு, "தள்ளி நில்லப்பா! உன் மேல் ஊரார் வேர்வை!" என்றாள்.

அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், ஜெசி. "அடிப்பாவி! இது உங்கம்மா டயலாக்காச்சே!"

"ஆமாம்ப்பா! அம்மா எழுதினதுதான்! நாடகத்துல வருது. 'இவன் கையைப் பாருங்கள், வெந்த கிழங்கு! இவன் வீட்டுச் சோற்றிலும் கஞ்சி வாசனை!' உனக்கு முழுசும் சொல்லட்டுமா?"

முழுசும் சொன்னாள். ஒரு வரி விடவில்லை. கடைசியில் கும்பிட்டும் காட்டினாள். அவர் சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று எனக்குத் தெரியும். நான் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தேன்.

"நல்லா பேசறே கண்ணு" என்றார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். வெகு நேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"எகிப்துல அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க" என்றேன், சோறு போடும்போது.

"எழுதறவங்க எழுதுவாங்க" என்றார். ரசம் கேட்டார்.

பிப்ரவரி 1, வியாழன்

காலையில் சட்டையை மாட்டிக்கொண்டே, "சனிக்கிழமை முகூர்த்தம். பட்டுப்புடவையா வந்து குவியும். கடையத் திறக்கணும், நான் வரலை" என்றார். பெற்ற பெண் மேடை ஏறுகிறாள், அதைவிடப் பட்டுப்புடவை பெரிதாகப் போயிற்று! மாட்டின போர்டைக் கழற்ற வேண்டுமே, அதற்காவது வெட்கப்பட வேண்டாமா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நேரே ஸ்கூலுக்குப் போய்விட்டேன்.

"மேடம், அந்தச் சலவைக்காரி பகுதியை எடுத்துடலாம்" என்றேன்.

"ஏன்? அதுதானே உயிரே. சீஃப் கெஸ்ட்கிட்டகூடச் சொல்லி வெச்சிருக்கேன்."

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். "என் வீட்டுக்காரர் இஸ்திரிக் கடை வெச்சிருக்கார் மேடம்."

"தெரியுமே" என்றார். "டெக்ஸ்டைல் லைன்னு நீ சொன்னப்போ எனக்குச் சிரிப்பை அடக்கறதே பெரும்பாடாப் போச்சு. இதுல என்னம்மா வெட்கம்? எல்லாத் தொழிலும் தெய்வம்தான். காஸ்ட்யூம் மூட்டையெல்லாம்கூட அவர்கிட்டதான் அனுப்பியிருக்கோம். நம்ம ஸ்கூல் பேரண்ட்தானே, காசு வாங்க மாட்டார்."

'வாங்க சுகந்தி' என்றவர்தான். இன்று 'நீ'. நாற்காலியும் காட்டவில்லை, அதன் முதுகுதான் கிடைத்தது.

"தெய்வம்னா அதைப் பார்த்து ஏன் மேடம் சிரிக்கணும்?"

"எழுதினது நீதானேம்மா?"

ஜெசி, எழுதினது நான்தான். ஆனால் அவர் அதைச் சொன்ன விதம்!

"அப்ப அல்லி நடிக்க மாட்டா" என்றேன். அவர் மணியை அடித்து வைஜயந்தி மிஸ்ஸைக் கூப்பிட்டார். "இவங்க பொண்ணு வேண்டாமாம். நம்ம வேன் டிரைவர் பொண்ணு இருக்கே, ஸ்டெல்லா, அதைப் போட்டுடு" என்றார். டாக்டர் வீட்டுப் பெண்ணைப் போடு என்று சொல்ல வாய் வரவில்லை பார். அந்தக் கல் காலியாக இருக்கக் கூடாது, யாராவது ஒருத்தி அதில் குனிந்து நிற்க வேண்டும். அதுவும் யார் வீட்டுப் பெண் என்று எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

"வேலை விஷயம் ஜூன்ல பார்ப்போம்" என்றார் கடைசியில். இந்தப் 'பார்ப்போம்' வேறு மாதிரி இருந்தது.

வராந்தாவில் உட்கார்ந்து தம்பிக்குப் பால் கொடுத்துவிட்டு, கேட் வரை வந்துவிட்டேன். வைஜயந்தி மிஸ் பின்னால் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. "மேடம், அந்த வார்த்தையை நான் சொல்லிக் குடுக்கலை. பையன் வீட்ல சொல்லிக் குடுத்தது. நான் திருத்தியிருக்கணும், திருத்தலை. நேச்சுரலா வருதுன்னு நான் சொன்னதும் தப்பு."

நான் தம்பியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன்.

"ஸ்டெல்லா அழறா, மாட்டேங்கறா. நீங்க அந்த சீனை மாத்தி எழுதி எடுத்துக்கிட்டு அல்லியக் கூட்டிட்டு வந்துடுங்க. மேக்கப் போடறப்ப நான் பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துடறேன். மேடை ஏறிட்டா யாரு வந்து நிறுத்தப் போறா? கேட்டா, பசங்க டயலாக் மறந்துட்டாங்கன்னு சொல்லிடுவேன்."

"உங்க வேலை?"

"என் புடவையெல்லாம் அவர்தானே மேடம் மடிச்சுக் குடுக்கறார். நாளைக்கு அந்தப் படியில இறங்கி எப்படிப் போவேன்?"

பிப்ரவரி 2, வெள்ளி

நாளைக்கு விழா.

காஸ்ட்யூம் மூட்டையை வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். கடையில் பட்டுப்புடவைக்கு இடம் வேண்டுமாம். சாப்பாட்டு மேஜையில் போர்வை விரித்து, கரண்ட் பெட்டியைச் செருகி, எழுத்தர்களின் வெள்ளை வேட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். சிலைகளில் இருக்குமே, இடுப்பிலிருந்து விசிறி மாதிரி விழுகிற சின்னச் சின்ன மடிப்பு, அதை எப்படி வைக்க வேண்டும் என்று என்னிடம்தான் கேட்டார். நேற்றுக் காலைக்கு அப்புறம் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. புத்தகத்தில் படத்தைக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இதை ஒருத்தன் உட்கார்ந்து மடிச்சிருக்கான் பாரு" என்றார்.

அடியில் சலவைக்காரியின் துணி இருந்தது. டீத் தண்ணீரில் முக்கி, ஓரத்தைக் கிழித்து, வேண்டுமென்றே அழுக்காக்கி அனுப்பியிருக்கிறார்கள். அதையும் எடுத்து விரித்தார்.

"அதுக்கு எதுக்குங்க? அழுக்கா இருக்கணும்னுதான் அப்படி அனுப்பியிருக்காங்க."

"அழுக்கா இருக்கட்டும். எம் பொண்ணு சுருங்கின துணியில மேடை ஏற மாட்டா."

அப்புறம் நான் இந்த நோட்டோடு உட்கார்ந்தேன். வைஜயந்தி மிஸ் சொன்னபடி மாற்றி எழுத வேண்டும். எழுத்தர் கிண்டல் செய்வார், சலவைக்காரி பதில் சொல்வாள், அவ்வளவுதான். எத்தனை தாள் கிழித்தேன் தெரியுமா? அவள் என்ன சொல்வாள்? நம் நோட்ஸைப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அந்தச் சலவைக்காரனின் கை எப்படி இருந்தது, அவன் மேல் என்ன வாசனை அடித்தது, எந்த முதலைக்குப் பக்கத்தில் நின்றான், எல்லாம் இருக்கிறது. அவன் சொன்னதாக ஒரு வார்த்தை இல்லை. எப்படி இருக்கும்? அவனுக்கு எழுதத் தெரியாது, எழுதத் தெரிந்தவர்கள் அவனைக் கேட்கவில்லை. என்னென்ன துணி போட்டிருக்கிறது என்று அவனுக்குத் தெரிவிக்க, கல் துண்டில் சட்டையும் துண்டுமாகப் படம் வரைந்து கொடுப்பார்களாம். அவ்வளவுதான் அவனோடு அவர்களுக்குப் பேச்சு. ஆயிரம் ஆயிரம் வருஷம் கழித்து நாமும் அவர்கள் எழுதினதைப் படித்து, சிரித்து, பரீட்சை எழுதி, மார்க் வாங்கிவிட்டு வந்திருக்கிறோம். எனக்கு அந்தத் தாளில் எழுபத்தெட்டு.

கோபம் வந்தது. அந்த எழுத்தர்கள் மேல், அப்பா மேல், கரஸ்பாண்டன்ட் மேல். எல்லார் மேலும் வந்து முடிந்த பிறகும் இன்னும் மிச்சம் இருந்தது. யார் மேல் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் ஒரு வரி வந்தது. எழுத்தர் பேசி முடித்ததும் சலவைக்காரி கும்பிடவில்லை. துணியைக் கல்லில் போடுகிறாள். "பேசியாச்சா? உட்கார். மையைத் தொட்டுக்கோ. இப்ப நான் சொல்றேன், நீ எழுது" என்கிறாள்.

எழுத்தர் உட்காருகிறார், மடியில் சுருளோடு, சிலை மாதிரியே.

அப்புறம் ஒன்றும் இல்லை. அடுத்து அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியவில்லை. பத்து வருஷமாக ஒரே தட்டில் சாப்பிடுகிற வீட்டில் எனக்குத் தெரியவில்லை.

நோட்டை எடுத்துக்கொண்டு மேஜைப் பக்கம் போனேன். அந்த ஒரு வரியைப் படித்துக் காட்டினேன். "இதுக்கு மேல எனக்குத் தெரியலைங்க. நீங்க சொல்லுங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை வாயில் வரவில்லை. அதற்குப் பதிலாக இதுதான் வந்தது.

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். ஸ்விட்சை அணைத்தார். அல்லியின் துணியை மடித்து மேலே வைத்தார். சரி, சொல்ல மாட்டார் என்று நான் திரும்பியபோது கேட்டார்:

"அவ எவ்வளவு நேரம் பேசலாம்?"

"எவ்வளவு வேணும்னாலும்" என்றேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் தரையில், மடியில் நோட்டு. "முதல்ல பேரு. மூணாவது மாடிலேர்ந்து 'ஏய் அயர்ன்'னு கத்தக் கூடாது. அயர்ன் பெட்டி பேரு, என் பேரு மருதமுத்து. எழுதிட்டியா?" எழுதினேன். "துணி காணலைன்னா முதல்ல என்னைத் திட்டிட்டு அப்புறம் பீரோவுல தேடறாங்க. கிடைச்சதும் யாரும் வந்து சொல்றதில்ல. அதையும் போடு." போட்டேன். சொல்லச் சொல்ல அவர் குரல் ஏறியது. நான் "மெதுவா, தம்பி எழுந்துப்பான்" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. இடையில் ஒன்று என்னைப் பற்றிச் சொன்னார். அதையும் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதிக்கொண்டேன். அது நாடகத்துக்கு இல்லை.

முடித்துவிட்டு, "நாளைக்கு நான் வர்றேன். முதல் வரிசை வேண்டாம், எங்கேயாவது நிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார். குளிக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. தம்பி அவர் நெஞ்சு மேல்தான் தூங்குகிறான்.

இனிதான் உன் வேலை, ஜெசி. நாலு பக்கம் வந்திருக்கிறது. அல்லி காலையில் எழுந்து, பல் தேய்த்து, மேடை ஏறுவதற்குள் மனப்பாடம் செய்ய வேண்டும். இதில் எது இருக்கட்டும், எது போகட்டும்? எனக்கு ஒரு வரியைக்கூட வெட்ட மனசு வரவில்லை. எல்லாப் பக்கத்தையும் இப்போதே போட்டோ எடுத்து அனுப்புகிறேன். விடிந்ததும் பார்ப்பாய். பார்த்த உடனே பதில் போடு.